என்சிலாடாவுக்கு இனிப்பு ஒயின் ஊற்றினால் என்ன குற்றம்?

முகநூலில் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். சீஸ் வழியும் என்சிலாடா (பூரணம் வைத்துச் சுருட்டி, மிளகாய் சாஸ் ஊற்றிய மெக்சிகோவின் சோள ரொட்டி), பக்கத்தில் லேசாக இனிக்கும் வெள்ளை ஒயினான ரீஸ்லிங் ஒரு பாட்டில், அவ்வளவுதான். "இது ஒயினா, ரஸ்னாவா?" என்று ஆரம்பித்து "இட்லி சாப்பிடறவனுக்கு ஒயின் எதுக்கு" வரை போய்விட்டது. அந்தக் கமெண்டை அப்புறம் அழித்துவிட்டார்கள். நான் அதற்குள் படித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உறைக்கிற மெக்சிகன் சாப்பாட்டுக்கு லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை ஒயின்தான் சரி. ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் கபினெட் என்ற லேசான வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். அந்தக் கமெண்டுகளில் நீங்கள் சிபாரிசு செய்த கலிபோர்னியா கேபர்னே என்ற சிவப்பு ஒயினில் 14.5. மிளகாய் எந்த நரம்பைச் சீண்டுகிறதோ அதையேதான் ஆல்கஹாலும் சீண்டும். போதாததற்குச் சிவப்பு ஒயினில் இருக்கும் டேனினின் துவர்ப்பு வேறு. ஹலபீனோ மிளகாய் கடித்த வாயில் அதை ஊற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

"சீஸ் காரத்தை அடக்கிவிடுமே?" கொஞ்சம் அடக்கும். ஆனால் நாக்கில் படிகிற கொழுப்பை வழிக்கப் புளிப்பு வேண்டாமா? அதுவும் தக்காளியின் உறவுக்காரன் டொமட்டிலோவில் செய்த பச்சை சாஸே நல்ல புளிப்பு. அதைவிடப் புளிப்பு குறைந்த ஒயின் அதன் பக்கத்தில் சப்பென்று ஆகிவிடும். ரீஸ்லிங்கில் இனிப்பும் இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. இதைத்தான் அன்றும் சொன்னேன்.

"மோலேவுக்கு ரெட் ஒயின் பொருந்துமே?" பொருந்தும். காய்ந்த மிளகாயும் கொட்டைகளும் அரைத்துச் செய்யும் அந்த மோலே சாஸைப் பற்றி நான் பேசவே இல்லை. "பீர் போதுமே?" குடியுங்கள், யார் தடுத்தது?

பழைய ஆபீஸில் மெக்சிகோவின் புவெப்லா ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் சில்லே ரெயேனோ சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய அம்மா பொப்லானோ மிளகாயை அடுப்புத் தீயிலேயே காட்டிக் கருக்கி, தோலை உரித்து, காம்பு போகாமல் கீறி, உள்ளே ஓஹாக்கா சீஸை அடைத்து, நுரைக்க அடித்த முட்டையில் முக்கிப் பொரிப்பார். பொப்லானோ பொதுவாகச் சாது, திடீரென்று ஒன்று மட்டும் கண்ணில் நீர் வரவைக்கும். கூடவே லேசாக இனிக்கும் ஷெனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின், ஜில்லென்று, சாதாரண டம்ளரில். யாரும் வகுப்பெடுக்கவில்லை. இன்னொன்று வைக்கட்டுமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"மெக்சிகோவுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்" என்றும் ஒரு மேதை கேட்டிருந்தார். ஐயா, கோவாஹுய்லா மாநிலத்தில் பார்ராஸ் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் காசா மதேரோ 1597-ல் தொடங்கியது. அமெரிக்கக் கண்டங்களிலேயே பழைய ஒயின் ஆலை அதுதான். 1699-ல், அன்று மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் ராஜா, தேவாலயத்துக்குத் தவிர அந்த நாட்டில் ஒயின் செய்யவே கூடாது என்று உத்தரவு போட்டார். இவர்களுக்கு எதற்கு ஒயின் என்று அன்று ராஜா கேட்டார், இன்று முகநூலில் நீங்கள் கேட்கிறீர்கள். அவருக்காவது வியாபாரக் கணக்கு இருந்தது.

ஊரில் வரமிளகாய்ச் சட்னியோடு வளர்ந்த நாக்கு இது. காரத்துக்கு எது இதம் என்று இதற்குத் தெரியாதா? கடந்த தீபாவளிக்கு அதே கேபர்னேயைக் குடித்துவிட்டு யார் யார் தண்ணீர் ஜக்கைத் தேடி ஓடினார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். நாகரிகம் தெரிந்தவன் நான், இட்லி சாப்பிட்டாலும்.