கணக்குப்பிள்ளை பெற்ற பிள்ளை

எழுத்து எப்படிப் பிறந்தது என்பதற்கு, இன்றைய தெற்கு ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்களிடமே ஒரு கதை உண்டு. உருக் நகரத்து அரசன் என்மெர்கர், அரட்டா நாட்டு மன்னனுக்குத் தூது அனுப்புகிறான். சேதி நீண்டுகொண்டே போகிறது. தூதனுக்கு வாய் கனத்துவிட்டது, திருப்பிச் சொல்ல வரவில்லை. அரசன் ஒரு களிமண் கட்டியை எடுத்துத் தட்டி அதில் சொற்களைப் பதிக்கிறான். அவ்வளவுதான், எழுத்து வந்துவிட்டது.

ராஜா கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லியல் ஆய்வாளர் டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸராட் அதற்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி, யாரும் சட்டை செய்யாத மண் துண்டுகள். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

பிரான்சில் பிறந்து, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் தேடிப் போனது எழுத்தையே அல்ல. மேற்கு ஆசியாவில் பானை சட்டி வருவதற்கு முன் மனிதர்கள் களிமண்ணை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க, 1960களின் கடைசியில் மியூசியம் மியூசியமாக ஏறி இறங்க ஆரம்பித்தார். போன இடத்திலெல்லாம் கோலிக்குண்டு அளவில் உருண்டை, கூம்பு, வட்டு, உருளை. தோண்டி எடுத்தவர்கள் அவற்றை விளையாட்டுக் காய் என்றும் தாயத்து என்றும் எழுதி ஒதுக்கியிருந்தார்கள். ஈரானில் ஒரு குகையில் ஐந்து கூம்புகளைக் கண்டெடுத்த அமெரிக்க மானுடவியலாளர் கார்ல்டன் கூன், இவை ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குளிகை மாதிரி இருக்கின்றன என்றே அறிக்கையில் எழுதிவிட்டார். (சத்தியமாக.)

அவையெல்லாம் கணக்கு டோக்கன்கள் என்றார் இவர். சிறு கூம்பு என்றால் சிறிய அளவு தானியம், உருண்டை என்றால் பெரிய அளவு, முட்டை வடிவம் என்றால் ஒரு ஜாடி எண்ணெய். கி.மு. 8000 வாக்கில், விவசாயம் தொடங்கிய ஊர்களிலேயே இவை வந்துவிட்டன. கி.மு. 3500ஐ ஒட்டி டோக்கன்களை உள்ளே குடைந்த களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரையும் உருட்டினார்கள். இனி யாரும் கைவைக்க முடியாது. உள்ளே எத்தனை என்று பார்க்கவும் முடியாது.

இதற்கு அடுத்த படி, படித்தபோது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அன்று ராத்திரி சப்பாத்தி மாவில் கிண்ணம் மாதிரி செய்து ஏழு கொண்டைக்கடலையைப் போட்டு மூடினேன். குலுக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு உருண்டையில், அவர்கள் அடுத்துச் செய்தது போலவே, மூடுவதற்கு முன் ஒவ்வொரு கடலையையும் வெளிப்பக்கம் அமுக்கி ஏழு குழி போட்டேன். போட்டு முடித்ததும்தான் உறைத்தது: குழி வெளியே இருக்கும்போது உள்ளே கடலை எதற்கு? மாவைத் தட்டையாகத் தட்டி ஏழு குழி போட்டாலே போதுமே. அந்தத் தட்டைதான் களிமண் பலகை. (வீட்டில் அன்று சாப்பாடு தாமதம். விளக்கம் எடுபடவில்லை.)

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய தாவல். 33 ஜாடி எண்ணெய்க்கு 33 முட்டை வடிவம் போடாமல், எண்ணெய்க்கு ஒரு குறி, 33க்குத் தனிக் குறிகள். எண் பொருளைவிட்டுக் கழன்றது. அதுவும் ஒரே நாளில் அல்ல. உருக்கின் பழைய பலகைகளை ஆராய்ந்த பெர்லின் அறிஞர்கள் காட்டியபடி, ஒரே வட்டக்குழி ஆடுகளை எண்ணும்போது 10, பார்லியை அளக்கும்போது சிறு அளவுக்கு 6 மடங்கு! அங்கே கிடைத்த பலகைகளில் பெரும்பகுதி வரவு செலவுதான். இலக்கியம் என்று சொல்லத்தக்கது வர கி.மு. 2600 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்தைக் கவிஞன் தலையில் கட்டுவது நமக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் பெற்றவன், அடுத்தவனை நம்பாத கணக்குப்பிள்ளை.

‘சுமேரியர் தமிழர்தானே?’ என்று கேட்க வருபவர்களுக்கு: டோக்கனுக்கு மொழி கிடையாது. கூம்பைப் பார்த்து எந்த மொழியிலும் ‘ஒரு படி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஷ்மாண்ட்-பெஸ்ஸராட் சொன்னதையெல்லாம் நான் அப்படியே விழுங்கவில்லை. 1992இல் சுமார் 8,000 டோக்கன்களின் பட்டியலோடு அவருடைய பெரிய நூல் வந்தபோதே எதிர்ப்பும் வந்தது. கோடும் கீறலும் போட்ட டோக்கன்கள்தான் பிற்காலச் சொற்குறிகளாயின என்ற பகுதி பலவீனமானது. உருக் கணக்குகளில் ஆடு ஏராளம். ஆட்டுக் குறிபோல வட்டுக்குள் சிலுவைக் கோடு போட்ட டோக்கன்களோ மிகச் சொற்பம். ஈரானில் ஒரு கூம்புக்கு இருந்த அர்த்தம், நாலாயிரம் ஆண்டு கழித்து உருக்கிலும் மாறாமல் இருந்தது என்பதும் எனக்கு ஒட்டவில்லை. எண்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சொற்களைப் பற்றிச் சொன்னதில் பாதியைக்கூட ஏற்க முடியவில்லை. எழுத்து வந்ததும் டோக்கன் செத்துப்போகவும் இல்லை. துருக்கியின் ஜியாரத் தெப்பேயில் அசீரியர் காலத்து டோக்கன்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

இந்தத் துப்புக்கெல்லாம் வழிகாட்டியது கிர்குக் அருகே நுஸியில் 1920களில் கிடைத்த ஒரு உருண்டை. சுமேரியருக்கு வெகு பிந்தியது. மேலே ஆப்பெழுத்தில் (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த எழுத்து) ஆட்டுக்கணக்கு: ஈன்ற ஆடு இத்தனை, கிடா இத்தனை என்று மொத்தம் 49, கீழே மேய்ப்பனின் முத்திரை. உள்ளே 49 கற்கள். அதைத் தோண்டி எடுத்த ஆய்வாளர்களின் முகாமில், கோழி வாங்கச் சந்தைக்குப் போன எழுத்தறியாத வேலையாள், எத்தனை வாங்கினாய் என்று கேட்டதற்குக் கூழாங்கற்களை எடுத்து நீட்டினாராம், கோழிக்கு ஒன்று வீதம். 1959இல் ஆப்பெழுத்து அறிஞர் லியோ ஓப்பன்ஹைம் அந்த உருண்டையைப் பற்றி எழுதியபோது உருண்டை பத்திரமாக இருந்தது. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் உள்ளேயே கிடந்த 49 கற்களைத்தான் காணோம்.