ஹம்போல்ட் ஆய்வு நிதிக்கு முகவரும் இல்லை, கட்டணமும் இல்லை

‘ஜேர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு நிதியில் இலங்கைக்குத் தனி ஒதுக்கீடு, முகவரிடம் காசு கட்டினால் இடம் உறுதி’ என்றொரு வட்ஸ்அப் தகவல் திருகோணமலையில் கைமாறுகிறது. பொய்.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஜேர்மனியில் ஆய்வு செய்ய இந்த நிதியைத் தருவது ஹம்போல்ட் அறக்கட்டளை. அது நாட்டுக்கோ பாடத்துக்கோ ஒதுக்கீடு வைப்பதில்லை. விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. கலாநிதிப் பட்டம் முடித்தவர் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

உண்மையான பாடு வேறிடத்தில் இருக்கிறது. ஜேர்மனியில் உங்களை ஏற்கும் பேராசிரியரை நீங்களேதான் தேட வேண்டும். கொட்டியாரக் குடாவின் கண்டல் காடுகளை ஆய்பவரா? அதே துறையில் எழுதுபவரின் கட்டுரையை வாசித்துவிட்டு, இரண்டு பந்தியில் மின்னஞ்சல் போடுங்கள். பதில் வரவில்லையா, சரி, அடுத்தவருக்கு எழுதுங்கள். ஏற்கும் பேராசிரியரின் எழுத்துமூல உறுதி இல்லாமல் விண்ணப்பம் நகராது; அதை எந்த முகவராலும் வாங்கித்தர முடியாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பிக்கும் தம்பி தங்கைகளே, காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் பற்றுச்சீட்டோடு பொலிஸில் முறையிடுங்கள்.