நீபெலுங்கன் காவியத்தை உரைநடையில் வாசியுங்கள்

நீபெலுங்கன்லீட் என்ற ஜெர்மானியக் காவியத்தை முதன்முறை வாசிக்கப் போகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான். செய்யுள் மொழிபெயர்ப்பைத் தள்ளி வையுங்கள், உரைநடையில் வாசியுங்கள். பாட்டுக்குப் பாட்டு எண் போட்ட உரைநடை கிடைத்தால் இன்னும் நல்லது. கவிதையைக் கவிதையாகத்தானே வாசிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையில் கொலை விழுவதே ஒரு சொல்லின் பொருளை வைத்துத்தான். இயைபுக்காக, அதாவது அடிகள் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்பதற்காக, அந்தச் சொல்லை அசைத்தால் கதையே அசைந்துவிடும்.

சான்று முதல் பாட்டிலேயே இருக்கிறது. வீரர்களையும் ‘பெரும் அரெபெய்ட்’டையும் பற்றிப் பழங்கதைகள் சொல்கின்றன என்று அது தொடங்குகிறது. 1200-ஐ ஒட்டிய ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குத் துன்பம், படும் பாடு என்று பொருள். இன்றைய ஜெர்மனில் அதன் வாரிசான ‘ஆர்பைட்’டுக்கு வேலை என்று பொருள். 1827-இல் இன்றைய ஜெர்மனில் செய்யுளாகப் பெயர்த்த கார்ல் சிம்ரொக், முதல் அடியைக் காலம் என்று பொருள்படும் ‘சைட்’டில் முடித்தார். அதற்கு இயைபாக இரண்டாம் அடியில் ‘க்யூன்ஹைட்’ வந்து உட்கார்ந்தது. அதன் பொருள் துணிச்சல். துன்பம் என்று தொடங்கிய காவியம் துணிச்சல் என்று தொடங்கிவிட்டது. தன் மொழிக்குள்ளேயே பெயர்த்தவருக்கு இந்தக் கதி என்றால் ஆங்கிலச் செய்யுளில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உரைநடையில் இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டும் நான்கு நெடிய அடி. அடி ஒவ்வொன்றும் நடுவில் உடையும். முதல் இரண்டுக்கு ஓர் இயைபு, பின் இரண்டுக்கு வேறோர் இயைபு. முதல் மூன்று அடிகளின் பின்பாதியில் மூன்று அழுத்தம், கடைசி அடியின் பின்பாதியில் மட்டும் நான்கு. வெண்பாவில் ஈற்றடி முச்சீராகக் குறுகி முடியும் அல்லவா, இங்கே நேர்மாறாக நீண்டு முடியும். அந்த நீட்சியில்தான் கவிஞர் அடிக்கடி வரப்போகும் சாவைச் சொல்லி வைப்பார். குந்தர் அரசனின் சகோதரி க்ரீம்ஹில்டை அழகி என்று அறிமுகம் செய்யும் பாட்டே, அவளால் வீரர் பலர் உயிரிழக்க நேர்ந்தது என்று முடிகிறது. உரைநடையில் வாசிக்கும்போது பத்தியின் கடைசி வாக்கியத்தில் ஒரு நொடி நின்று போங்கள். பாதி ஓசை திரும்பக் கிடைத்துவிடும்.

இப்போது கொலைக்குக் காரணமான அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘மன்’. ஆண் என்றும் பொருள், ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டவன் என்றும் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று நான்கு சொல் மாற்றி மாற்றிப் போடுவார்கள். தமிழில் ஒரே சொல் போதும்: ஆள். ‘இவன் என் ஆள்’ என்கிறோமே, அதேதான். குந்தர் அரசன் கடல் கடந்து ப்ரூன்ஹில்ட் அரசியைப் பெண் கேட்கப் போகும்போது, க்ரீம்ஹில்டை மணக்க விரும்பும் சீக்ஃப்ரீட் தன்னை அவனுடைய ஆள் என்று காட்டிக்கொள்கிறான். அவனோ உண்மையில் இன்னொரு நாட்டின் அரசகுமாரன். கரையில் இறங்கியதும் குந்தரின் குதிரையைப் பிடித்து நிற்கிறான், குந்தர் ஏறி உட்காரும் வரை. சன்னல்களிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் ஆறாம் பகுதியில் துணி தைக்கும் பாட்டுகள் நீளமாக வரும். பெண் கேட்கப் போகும் நால்வருக்கு, நான்கு நாளுக்கு, நாளொன்றுக்கு மூன்று உடை. முப்பது பெண்கள் ஏழு வாரம் தைக்கிறார்கள். புதிய வாசகர் தாண்டிப் போகும் இடம் இது. தாண்டாதீர்கள். கரையில் இறங்கும்போது குந்தரும் சீக்ஃப்ரீடும் ஒரே மாதிரி வெண்பனி நிற உடையில், வெள்ளைக் குதிரைகளோடு இருக்கிறார்கள். குந்தரின் ஆட்களான ஹாகனும் டாங்க்வார்ட்டும் காக்கைக் கறுப்பில். உடை இருவரும் சமம் என்கிறது, குதிரையைப் பிடித்த கை இல்லை என்கிறது. ப்ரூன்ஹில்ட் கையை நம்பினாள்.

பத்து ஆண்டு கழித்து, பதினான்காம் பகுதியில், அது வெடிக்கிறது. குந்தரின் ஊரான வோர்ம்ஸின் தேவாலய வாசலில் எல்லோர் முன்னாலும், அரசன் மனைவிக்கு முன்னே அடிமைப் பெண் போகக் கூடாது என்று, இப்போது சீக்ஃப்ரீடின் மனைவியாக இருக்கும் க்ரீம்ஹில்டை ப்ரூன்ஹில்ட் தடுக்கிறாள். அந்த மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ‘டூ’ என்றால் நீ, ‘இர்’ என்றால் நீங்கள். க்ரீம்ஹில்ட் ‘நீ’ போட்டே பதில் சொல்கிறாள்: வாயை மூடியிருந்தால் உனக்கு நல்லதாயிருக்கும், ஓர் ஆளின் வைப்பாட்டி எப்படி அரசனின் மனைவியாவாள்? பூசை முடிந்து வெளியே வரும்போது ப்ரூன்ஹில்ட் ‘இர்’ருக்கு மாறுகிறாள்: நில்லுங்கள், என்னை வைப்பாட்டி என்றீர்களே, அதற்குச் சான்று காட்டுங்கள். நாத்தனார் சண்டை அந்த ஒரு ‘நீங்க’ளில் வழக்காகிவிட்டது. சீக்ஃப்ரீட் ப்ரூன்ஹில்டிடமிருந்து எடுத்து மனைவிக்குக் கொடுத்திருந்த மோதிரமும் இடைக்கச்சும் சான்றாக வெளியே வருகின்றன. இந்த அவமானத்துக்காகத்தான் பிறகு ஹாகன் சீக்ஃப்ரீடைக் கொல்கிறான். இன்றைய ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இருமொழிப் பதிப்பு கிடைத்தால் இந்தப் பகுதிக்காவது இடப்பக்க மூலத்தில் ‘டூ’வையும் ‘இர்’ரையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, கண் போதும்.

வாங்கும்முன் கடைசி வரியைப் பாருங்கள். முக்கியக் கையெழுத்துப் படிகள் மூன்று: ஏ மியூனிக்கில், பி சங்க்ட் காலனில், சி கார்ல்ஸ்ரூவேயில். முதல் இரண்டும் ‘நீபெலுங்கர்களின் அழிவு’ என்று முடியும், சி ‘நீபெலுங்கர்களின் பாட்டு’ என்று முடியும். சி க்ரீம்ஹில்டுக்குப் பரிந்து ஹாகன் மேல் பழியை ஏற்றும். முதல் வாசிப்புக்கு பி-யைப் பின்பற்றும் பெயர்ப்பே சரி, அதில் தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதில் முரண்கள் உண்டு. சீக்ஃப்ரீட் கொல்லப்படும் வேட்டை வோஸ்கெஸ் காட்டில் என்று இருக்கும். அந்தக் காடு வோர்ம்ஸ் இருக்கும் அதே கரையில்தான், ஆனாலும் பிணத்தோடு திரும்புகிறவர்கள் ரைன் நதியைக் கடப்பார்கள். சி அதை எதிர்க்கரையிலுள்ள ஓடன்வால்ட் என்று திருத்திவிட்டது. பெண் கேட்கப் போன அதே டாங்க்வார்ட், முப்பத்திரண்டாம் பகுதியில், சீக்ஃப்ரீட் இறந்தபோது நான் சிறு பிள்ளை என்பான். மொழிபெயர்ப்பாளரைத் திட்டாதீர்கள், மூலமே அப்படி.

இதே சீக்ஃப்ரீட் கதையை வைத்து ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் எழுதி, 1876-இல் முழுத் தொடராக அரங்கேறிய இசைநாடகங்களைக் கேட்டுவிட்டு வருபவர்கள் இதில் கடவுளர்களைத் தேடி ஏமாறுவார்கள். அவர் பெரிதும் வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியக் கதைகளிலிருந்து எடுத்தவர். இங்கே டிராகன் வதம் மூன்றாம் பகுதியில் ஒரே பாட்டு, அதுவும் ஹாகன் வாயால் கேட்கும் செய்தி.

மொத்தம் 39 பகுதி, ஏறத்தாழ 2,400 பாட்டு. நாளுக்கு இரண்டு பகுதி சரியான வேகம். சீக்ஃப்ரீடின் புதையல் ரைனில் மூழ்கும் பத்தொன்பதாம் பகுதியோடு ஒரு வாரம் நிறுத்துங்கள். அடுத்ததில் ஹூணர்களின் அரசன் எட்சல், விதவையான க்ரீம்ஹில்டைப் பெண் கேட்கிறான், அது வேறு காவியம் மாதிரியே தொடங்கும். முப்பத்தேழாம் பகுதியை மட்டும் தனியாக ஒரு நாளில் வாசியுங்கள். எட்சலுக்குக் கட்டுப்பட்ட ரூடிகர், தான் விருந்தளித்த குந்தர் கூட்டத்தாரோடு, மகளை நிச்சயித்த வீட்டாரோடு போர் செய்ய வேண்டிய இடம் அது. தன் கேடயம் சிதைந்துவிட்டது என்கிறான் ஹாகன். எதிரியாக வந்து நிற்கும் ரூடிகர் தன் கேடயத்தையே கழற்றிக் கொடுக்கிறான்.

முப்பத்தொன்பதோடு மூடிவிடாதீர்கள். பி-யிலும் சி-யிலும் தொடர்ந்து ‘க்லாகெ’, அதாவது புலம்பல், என்ற இன்னொரு நூல் எழுதப்பட்டிருக்கிறது. காவியப் பெயர்ப்புகள் பலவும் இதை விட்டுவிடுகின்றன, தேடித்தான் எடுக்க வேண்டும். கடைசிப் போரில் விழுந்த பிணங்களை அடக்குகிறார்கள், தூதர்கள் ஊர் ஊராகச் செய்தி கொண்டு போகிறார்கள். ரூடிகர் இறந்ததை அவன் வீட்டில் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. மறைக்க முயல்கிறார்கள். மனைவிக்கும் மகளுக்கும் தெரிந்துவிடுகிறது.