அது ஆறிப்போன சாப்பாடு அல்ல

அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் எனக்கு அனுப்பிவைக்க வேண்டாம். இஸ்தான்புல்லின் காதிகொய் பகுதியில், ஒரு சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கடையில், சன்னலோர மேசையில் உட்கார்ந்து, பீன்ஸை முள்கரண்டியால் தூக்கிக் காட்டி, "ஜில்லுனு இருக்கு மக்களே, நேத்து மிஞ்சினதை வச்சிட்டாங்க" என்று அந்தத் தம்பி சிரித்ததையும் பார்த்தேன், ஒற்றை நட்சத்திரம் போட்டதையும் பார்த்தேன். கடையை அவருக்குச் சொன்னதே நான்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் என்னை இழுத்துக் கேட்கிறீர்கள். பதில் சொல்கிறேன், முடிந்தவரை நிதானமாக.

அது ஆறிப்போன சாப்பாடு அல்ல. துருக்கிச் சமையலில் ஆலிவ் எண்ணெயில் செய்யும் காய்கறிகள் தனி வகை; ஸெய்த்தின்யாலி என்பார்கள். பீன்ஸ், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ், செலரிக் கிழங்கு, ஆர்ட்டிசோக் என்கிற முள் இதழ் மொட்டு, பார்புன்யா என்கிற வரிப்பயறு எல்லாம் இதில் வரும். வெங்காயம், தாராளமாக எண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சமே தண்ணீர், மூடி போட்டுச் சிறுதீயில் வேகவைத்து, அதே பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் காய் எண்ணெயையும் சாற்றையும் இழுத்துக்கொள்ளும். வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் சேர்ந்த பண்டம் ஆறினால் உறைந்து நாக்கில் ஒட்டும் என்பதால் அதைச் சூடாகச் சாப்பிடுகிறார்கள். ஆலிவ் எண்ணெய் அறை வெப்பத்தில் உறையாது என்பதால் இதை ஆறவைத்துச் சாப்பிடுகிறார்கள். நேற்றுச் செய்தது என்பது இந்த வகைக்குக் குறையே கிடையாது. பல வீடுகளில் முதல் நாளே செய்து வைப்பதுதான் வழக்கம். புளியோதரையை ஆவி பறக்கக் கேட்டு, இல்லையென்றதும் கோயில் மடைப்பள்ளிக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவரை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் நானும் இங்கே சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

"எண்ணெயில் மிதக்கிறது" என்று ஓர் அன்பர் கீழே எழுதியிருக்கிறார். ஐயா, அந்தத் தட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்தது அந்த எண்ணெய்தான். 2023 ஆகஸ்டில் உள்நாட்டு விலை எகிறியதால் புட்டியில் அடைக்காமல் மொத்தச் சரக்காக ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி செய்வதையே துருக்கி அரசு நிறுத்தி வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் அரசுக் கணக்கின்படியே 85 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அந்த நிலைமையிலும் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்து ஒப்பேற்றாமல் கடை நடத்தியவர்களைப் பார்த்து எண்ணெய் அதிகம் என்கிறோம்.

"துருக்கிக்குப் போனால் கபாப் சாப்பிட வேண்டியதுதானே, புல்லையும் பூண்டையும் ஏன் தேடிப் போகிறீர்கள்" என்பவர்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதானா, உர்ஃபா, அந்தெப் ஊர்களின் கபாப் எல்லாம் தெற்கு, தென்கிழக்குத் துருக்கியின் பெருமைகள், யாரும் மறுக்கவில்லை. மேற்கே ஈஜியன் கரையில் கதை வேறு. கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்ற உடன்பாட்டின்படி கிரீட் தீவிலிருந்து வந்து அய்வாலிக் போன்ற ஊர்களில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் காட்டுக்கீரைகளைப் பறித்துச் சமைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. வயலுக்குள் ஒரு மாடும் ஒரு கிரீட்காரரும் புகுந்தால் மாட்டை விட்டுவிட்டுக் கிரீட்காரரை விரட்டு என்று அங்கே ஒரு கேலி உண்டு. கபாப் மட்டும்தான் துருக்கி என்பவர்கள் அய்வாலிக்கில் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். கணவரின் வேலைக்காக இஸ்தான்புல் வந்த முதல் குளிர்காலத்தில் வெளியில் சாப்பிடுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. இறைச்சி இல்லாமல் வேண்டும் என்று கேட்டால், சரி, கோழி தருகிறோம் என்பார்கள். வெறும் வெள்ளைப் பயறுக் குழம்பு என்று நம்பி வாங்கினால் அடியில் ஒரு துண்டு கிடக்கும். அப்படி அலைந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் சன்னலில் வீட்டுச் சாப்பாடு என்று எழுதியிருந்த அந்தக் கடைக்குள் நுழைந்தேன். நாலைந்து மேசைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுகள், பின்னால் ஓர் அம்மாள். மொழி தெரியாததால் விரலால் காட்டினேன். ஆரஞ்சுச் சாற்றில் வெந்த செலரிக் கிழங்கும் ஒரு கிண்ணம் பருப்புச் சூப்பும் கொடுத்துவிட்டு, ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் இரண்டாவது முறை கிழங்கு கேட்டபோது அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அப்லா, அதாவது அக்கா.

வசந்தம் வந்ததும் கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆர்ட்டிசோக் சீவுவார். முள் இதழ்களை ஒவ்வொன்றாக ஒடித்து, நடுவில் இருக்கும் பஞ்சைச் சுரண்டி எடுத்து, கறுத்துவிடாமல் இருக்க உடனே எலுமிச்சைத் தண்ணீரில் போடுவார். கை மட்டும் கறுத்துவிடும். வெண்டைக்காய் அங்கே சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். அதன் காம்பைக் கூம்பாகச் சீவ வேண்டும், உள்ளே ஓட்டை விழுந்தால் கொழகொழப்பு இறங்கிவிடும். நான் சீவிக் கொடுத்ததில் பாதியை அவர் பேசாமல் தனியே ஒதுக்கி வைத்தார். இப்படிப்பட்டவரைத்தான் மிச்சத்தை வைத்துவிட்டார் என்று படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்க்கத் தமிழ் தேவையில்லை.

காசு கொடுத்தவருக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். செலரிக் கிழங்கை என் கணவர் இன்றுவரை தொட்டதில்லை. அதற்காக நான் பதிவு எழுதவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பது ஒருவரின் நாக்கைப் பற்றியது, பழசு என்பது கடைக்காரரின் நாணயத்தைப் பற்றியது. ஏன் சூடாக இல்லை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அப்லா சொல்லியிருப்பார். துருக்கி மொழி தெரியவில்லையென்றால் எனக்கு ஒரு செய்தி போட்டிருக்கலாம். கடையைக் கேட்கும்போது மட்டும் இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. எனக்குக் கடையிலிருந்து பங்கு வருகிறதா என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் குத்தியது வேறொரு பின்னூட்டம்: "இதெல்லாம் வீட்டுலயே பண்றதுதானே, இதுக்கு எதுக்குக் காசு?" எழுதியவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். உப்புநீரில் போட்ட திராட்சை இலையை அலசி, அரிசி, வெங்காயம், பைன் பருப்பு, சின்னக் கருந்திராட்சை, புதினா எல்லாம் வதக்கி, ஒவ்வோர் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்து விரல் தடிமனுக்குச் சுருட்டி, பானை நிறைய அடுக்கிப் பாருங்கள்; காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இடுப்பு சொல்லும். சிறந்த உணவகங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் மிஷெலின் வழிகாட்டி 2022இல் இஸ்தான்புல்லுக்கும் வந்துவிட்டது. இதே இலைச் சுருளை அகலமான வெள்ளைத் தட்டில் மூன்றே மூன்றாக வைத்து மேலே ஒரு பூவையும் சொருகிக் கொடுத்திருந்தால், இதே மக்கள் கலை என்று எழுதியிருப்பார்கள், எத்தனை லிரா என்று கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் செய்வது என்றால் தானாக முளைத்து வருவது என்று ஒரு நினைப்பு. பண்டிகை நாளில் விடியலிலிருந்து அடுப்படியில் நின்றுவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காரும்போது, ரசம் கொஞ்சம் ஆறிடுச்சே என்று ஒரு குரல் வருமே, அதைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று புரியும். கேட்காதவர்களுக்குப் பீன்ஸைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றே இருக்கட்டும்.

உள்பெட்டியில் முகவரி கேட்டிருப்பவர்களுக்கு இன்றிரவே அனுப்பிவிடுகிறேன். பிற்பகலுக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு தட்டுகள் காலியாகிவிடும். மே மாதம் என்றால் சதகுப்பைக் கீரை தூவிய ஆர்ட்டிசோக்கைக் கேளுங்கள். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பருப்புச் சூப் இருக்கிறது, வாய் வேகும் அளவுக்குச் சூடாகவே தருவார்கள்.