ஒரு தகவல் கேட்டா ஒன்பது விளம்பரம்

பார்சல் எப்ப வரும்னு தெரியணுமேன்னு நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடுத்தா, அதே வழியில 'உங்களுக்காக மட்டும்' தள்ளுபடியும் வரிசை கட்டி நுழையுது. கடுப்புல மொத்தமா அணைச்சா, டெலிவரி செய்தியும் போச்சு!

2017-ல ஆண்ட்ராய்டு 8 வந்தப்பவே இதுக்கு வழி பண்ணியாச்சு. வந்த அறிவிப்பை அழுத்திப் பிடிச்சா அது எந்த வகைன்னு காட்டும். அந்த வகையை மட்டும் அணைக்கலாம். ஆனா வகை பிரிக்கிறது யாரு? ஆப் செய்யறவங்க. ஆர்டர் விவரம், விளம்பரம் ரெண்டையும் 'பொது'ன்னு ஒரே மூட்டையில கட்டிடறாங்க. தெரியாமலா செய்யறாங்க?

அந்த மாதிரி ஆப்பை 'சைலன்ட்'ல போட்டுட்டு, பார்சல் வர்ற அன்னிக்கு மட்டும் சத்தத்தைத் திறந்து வைங்க. வாட்ஸ்அப் குரூப்போ, 'எப்போதும்'னு மியூட் பண்ணியும், யாராவது உங்களைக் குறிச்சுக் கூப்பிட்டா அறிவிப்பு வந்து நிக்கும்.