முதலில் பஸ் ஸ்டாண்ட், ரயில் அப்புறமாம்

தென்மாவட்ட பஸ்களையெல்லாம் கோயம்பேட்டிலிருந்து மாற்றிவிட்ட, சென்னைக்குத் தெற்கே இருக்கிற கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திட்டி வருகிற பதிவுகளில் பாதி "கோயம்பேட்டை ஏன் மாத்தினீங்க" என்றுதான் ஆரம்பிக்கின்றன. மாற்றியது சரி என்பதுதான் என் கட்சி. மதுரைக்கும் நெல்லைக்கும் போகிற அத்தனை பஸ்ஸும் ராத்திரி நேரத்தில் வடபழனி, அசோக் நகர் என நூறடி ரோட்டில் ஊர்ந்து தாம்பரம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கியே போயிருப்பார்கள். 2002 நவம்பரில் பஸ் ஸ்டாண்ட் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனபோதும் "ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க" என்று இதே புலம்பல்தான்.

என் கோபம் வேறு. கோயம்பேட்டுக்கு மெட்ரோ வந்தது 2015 ஜூனில். நடுவே 13 வருஷம் மாநகரப் பேருந்தும் ஆட்டோவும்தான் கதி. அதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தைத் திறந்தார்கள். 88 ஏக்கர், கிட்டத்தட்ட 400 கோடி ரூபாய். வாசலில் போகிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமே தண்டவாளம். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் செங்கல்பட்டு லோக்கல் ரயில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. திறந்த அன்றைக்கு அது நிற்க அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை!

கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி ஹால், பேட்டரி கார் எல்லாம் இருக்கிறது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு, தோளில் தூங்குகிற பிள்ளை, கையில் அரிசி மூட்டையோடு இறங்குகிறவர் பெரம்பூர் போக வேண்டும். மறுபடி ஒரு டவுன் பஸ்ஸில் முண்டியடிக்கணும். இல்லையென்றால் ஆட்டோ, ஊரிலிருந்து வந்த டிக்கெட் காசை அது இங்கேயே கேட்கும். என் சித்தப்பா கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, கூடுவாஞ்சேரியிலேயே இறங்கி மின்சார ரயிலைப் பிடித்துவிடுவார். எத்தனை பேருக்கு அந்த விவரம் தெரியும்? (காரில் வந்து கூட்டிப்போக ஆள் இருப்பவர்கள் "சூப்பர் டெர்மினல்" என்று போட்டோ போடுகிறார்கள். போடட்டும்.)

ஊரை விட்டுத் தள்ளிக் கட்டுவதில் நெரிசல் குறைகிறது, வாஸ்தவம். அங்கிருந்து ஊருக்குள் வந்து சேர்கிற 30 கிலோமீட்டர் செலவு மட்டும் பயணியின் தலையில் விடிகிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ என்ற பேச்சும், பஸ் ஸ்டாண்ட் வேலையும் ஒன்றாக நகர்ந்திருக்க வேண்டியவை.

காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு பக்கம் போகிற பஸ்களுக்குப் பூந்தமல்லி தாண்டி இருக்கிற குத்தம்பாக்கம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அங்கேயாவது பூந்தமல்லி மெட்ரோவை நீட்டி, ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பஸ்ஸை மாற்றுங்கள். அதுவரை கோயம்பேட்டில் கிடந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.