முழுச் சட்டத்தையும் சொல்லுங்கள் அண்ணை

சனிக்கிழமை சூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "கலிபோர்னியாவில் பின்வளவுச் சின்ன வீட்டுக்கே சோலர் கட்டாயம். நாங்கள் காசு தந்து வன்னியில் கட்டுகிற வீடுகளுக்கும் அதே விதி வைக்கவேணும்" என்றார் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணை. நான் வாய் திறந்ததும், "வன்னி ஆட்கள் முன்னேற விடமாட்டீர்கள்" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தீர்கள்.

சரி அண்ணை. சட்டத்தைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். 2020 ஜனவரியிலிருந்து அங்கே புது வீட்டுக்குச் சோலர் கட்டாயம், தனியாகக் கட்டும் பின்வளவு வீட்டுக்கும்தான். ஆனால் பழைய கராஜை வீடாக மாற்றினால் வேண்டாம். நிழல் விழுந்து கூரையில் இடம் போதாவிட்டால் வேண்டாம். 2023 முதல், கணக்குப் பார்த்து, வைக்கவேண்டிய சோலர் 1.8 கிலோவாற்றுக்குக் குறைவாக வந்தாலும் வேண்டாம். நீங்களோ விலக்கெல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, கட்டாயத்தை மட்டும் விமானம் ஏற்றியிருக்கிறீர்கள்.

போன வருடம் அம்மாவுக்கென்று எங்கள் வளவுக்குள் ஓர் அறையும் குசினியுமாக ஒன்று கட்டினேன். ('சின்ன வீடு' என்று எழுதினால் வேறு மாதிரிச் சிரிப்பீர்கள்.) இரண்டு பல்ப், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. மேலே வேம்பு நிழல். கலிபோர்னியாக்காரனே விட்டுவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். கூரைக்குச் சீற் வாங்கவே ஒரு மாடு போனது. சோலருக்கு எதை விற்க?

மிச்சக் கரண்டை விற்கலாமே என்பீர்கள். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குக் கூரைச் சோலரை நிறுத்திவைக்கச் சொல்லி இலங்கை மின்சார சபையே கேட்டதை மறந்துவிட்டீர்களா? பில் குறையும் என்பீர்கள். குறையும், மறுக்கவில்லை. காசு தருகிறவர் விதி வைக்கக்கூடாதா? வைக்கலாம். முழு விதியையும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் சோலருக்கு எதிரியாம்! ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். தம்பி சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அப்பா செய்தி கேட்பார். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்ததே சண்டை முடிந்த பிறகுதான். வெளிச்சத்தின் அருமையை எனக்குச் சூமிலா படிப்பிக்கிறீர்கள்?

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 1995இல் இடம்பெயர்ந்து வந்து அண்ணை மூன்று மாதம் இருந்தது எங்கள் வளவுக் கொட்டிலில்தான். அப்பா ஒரு விதியும் வைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு அலைந்த அந்த நாளில், எங்கள் விளக்கைத் தணித்துவிட்டு அண்ணை இருந்த கொட்டிலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொடுத்தவர் அம்மா. இப்போது சோலர் இல்லாத வீட்டில் இருப்பவரும் அவர்தான்.